வாகையேந்தல் செல்லும் பயணிகள் கவனத்திற்கு

செத்துப்போனவர்களில் கெட்டவர் என்று ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. பதினோரு வருடம் ஒரு நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் வேலை பார்த்தவள் நான். என் மேஜைக்கு வந்த ஆண்கள் எல்லோருமே பாசத்தின் சிகரங்கள், பண்பின் உறைவிடங்கள். குடித்துக் குடும்பத்தைத் தெருவில் விட்டவரும் சிகரம்தான். பெண்டாட்டியிடம் இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாதவரும் உறைவிடம்தான். கட்டத்துக்குள் இடம் போதவில்லை என்றால் சிகரத்தை எடுத்துவிட்டு உறைவிடத்தை மட்டும் வைப்பேன். யாரும் குறை சொன்னதில்லை.

அச்சுப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டபோது மீள்மொழி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இறந்தவர்களோடு பழக்கம் உண்டா என்று நேர்காணலில் கேட்டார்கள். அவர்களோடு மட்டும்தான் பழக்கம் என்றேன். நினைவுப் பதிவாளர் என்று பதவி கொடுத்து, கையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது 2041-இல் நடந்தது. என் பெயர் இன்பவல்லி, சொந்த ஊர் ராணிப்பேட்டை. ஊர் எது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்புக்கு அதுதான் காரணம்.

மானாமதுரையில் பூரணத்தம்மாளை முதலில் பார்த்தபோது அவருக்கு எழுபத்து மூன்று வயது. கணவர் இறந்து பத்தரை மாதம் ஆகியிருந்தது. பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய வீடு. கணவர் அந்த நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பதும், அதை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர் வேலை. சென்னையில் இருக்கும் மகன் கதிரேசன், அப்பாவின் முதல் வருடத் திதிக்கு அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுக்க ஆசைப்பட்டு எங்களிடம் பதிவு செய்திருந்தார். பரிசு, அப்பாதான்.

டிபன் பாக்ஸ் அளவிலான பெட்டியைக் காட்டி நான் விளக்கியதும் அந்தம்மாள் கேட்டார்.

"ஆவியா தாயி?"

"இல்லம்மா. அவரைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் சொல்லுங்க. இது கேட்டுக்கும். அந்த மாதிரி ஒருத்தர் எப்படிப் பேசுவாரோ அப்படி அப்புறம் பேசும்."

"அப்ப நான் பேசுறதத்தானே அது திரும்பப் பேசும்?"

"ஒரு வகையில அப்படித்தான்."

"அம்பத்திரெண்டு வருசம் நான் பேசி அவுக கேட்டதே இல்ல. இப்பயாச்சும் நடக்கட்டும்" என்றபடி அந்தம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

படமோ ஒலிப்பதிவோ இருந்தால் எங்கள் வேலை சுலபம். இங்கே எதுவும் இல்லை. குடும்பத்துக் கைபேசிகளில் எடுத்த காணொளி எல்லாவற்றிலும் ஒரு உள்ளங்கைதான் இருந்தது. யார் படம் எடுத்தாலும் கையை நீட்டி மறைத்துவிடுவாராம். ஆகவே மகனின் தொண்டையை அடிப்படையாக வைத்து, அம்மா சொல்லச் சொல்லக் கரகரப்பைக் கூட்டிக் குரலை உண்டாக்கினோம். குணத்துக்கு அம்மாவின் ஞாபகம் ஒன்றுதான் ஆதாரம்.

முதல் நாளே ஒரு சிக்கல். பேசுகிறவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கருவிக்குத் தெரிய வேண்டும். அதற்குச் சாவிச்சொல் ஒன்று வேண்டும். கணவர் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன். அந்தம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மகனைச் சேர்த்தபோதும் ரேஷன் கடையில் விவரம் கேட்டபோதும் யாராவது கூட வந்து சொல்லியிருக்கிறார்கள். பெயரை மட்டுமா, பெயருக்குள் இருக்கும் சொற்களைக்கூடச் சொல்வதில்லை. கணவர் பெயர் மழைச்சாமி. அதனால் இந்தம்மாளுக்கு மழை பெய்ததே இல்லை. "வானம் இறங்குது" என்பார். சாமியும் கிடையாது. "கோயில்ல இருக்கவுக" என்பார்.

என் வீட்டு நிலவரம் வேறு. என் கணவர் பெயர் சுதாகர். நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் அதைவிடச் சின்னதாகவும் கூப்பிடுவேன். அதனால் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் வேலை நடக்க வேண்டும். அந்தம்மாள் வாய்க்கு வாய் "அவுக, அவுக" என்று சொல்வதைக் கவனித்தேன். எங்கள் பக்கத்தில் அவர், அவரு, அவங்க உண்டு. அவுக கிடையாது. இது ஏதோ இந்த அம்மாள் தன் கணவருக்கென்று வைத்திருக்கும் செல்லச் சொல் என்று நினைத்துக்கொண்டேன். சாவிச்சொல் என்ற இடத்தில் 'அவுக' என்று பதிந்தேன். கருவி பச்சை விளக்கு காட்டியது.

ஆறு நாள் பேசினார். என் பழைய பக்கத்தில் ஒரு வரிகூடப் போட முடியாத விஷயங்கள். சாப்பாடு பிரமாதமாக இருந்தால் "பரவாயில்ல" என்பாராம். மோசமாக இருந்தால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வாராம், மனைவி வருத்தப்படக் கூடாதே என்று. தான் செய்தது தப்பு என்று தெரிந்தாலும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தம்மாளுக்குக் கை ஒடிந்தபோது மூன்று மாதம் அவர்தான் தலை பின்னிவிட்டிருக்கிறார். சடை எப்போதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதோடேயே கடைத்தெருவுக்குப் போய் வந்ததாகச் சொன்னபோது அந்தம்மாள் முகத்தில் இருந்த பெருமையை என்ன சொல்ல. நான் கருவியைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாராம். நாலாம் நாள் சமாதானம் ஆக வேண்டும், ஆனால் வாய் வராது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மதியம் ஒன்று பத்துக்குப் பரமக்குடி வண்டியை அனுப்பிவிட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்: "வாகையேந்தல் செல்லும் பயணிகள் கவனத்திற்கு. வாகையேந்தல் செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையில் தயாராக உள்ளது." வாகையேந்தல், அந்தம்மாள் பிறந்த ஊர். அந்த ஊருக்கு அன்றும் பேருந்து கிடையாது, இன்றும் கிடையாது. கிளைச்சாலையில் இறங்கிக் கண்மாய்க் கரையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். பின்சுவருக்கு இந்தப் பக்கம் அந்தம்மாளுக்கு அறிவிப்பு கேட்கும். பசிக்கிறது, கோபம் போய்விட்டது, சோறு கொண்டுவா என்று அர்த்தம்.

"ஒடனே எந்திரிச்சுப் போயிருவீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கே. மொத தடவைக்கு எந்திரிக்க மாட்டேன். ரெண்டாவது தடவையும் சொல்லணும். அதுக்கப்புறந்தான் தூக்குச்சட்டியவே எடுப்பேன்."

ஒரு தடவை வாகையேந்தல்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தன் ஊருக்குப் பேருந்து விட்டுவிட்டார்கள் என்று இரண்டாவது நடைமேடையில் சாயங்காலம் வரை நின்றிருக்கிறார். கடைசியில் டைம் கீப்பரே தன் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி அந்தம்மாள் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டியோடு போனேன். திதிக்கு ஒன்பது நாள் இருந்தது. கதிரேசனும் விடுப்பில் வந்திருந்தார். விதிமுறையை இருவருக்கும் சொன்னேன். பெட்டியோடு பேசிப் பார்த்து, இவர்தான் என்று குடும்பம் ஒப்புதல் கொடுத்தால் அன்றே பதிவுகளை எல்லாம் அழித்துவிடுவோம். அந்தரங்கம் காக்கும் சட்டம் அப்படி. அதற்கப்புறம் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. ஒப்புதல் நாளாகத் திதி நாளையே கதிரேசன் குறித்திருந்தார். பேரப்பிள்ளைகளும் உறவுக்காரர்களும் அன்று வருகிறார்கள்.

பெட்டி நன்றாகத்தான் தொடங்கியது. குரல் வந்ததும் அந்தம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். கதிரேசன் கிட்டே போய், அப்பா, நான் கதிரேசன் என்றார்.

"கதிரேசா, நீ பெரிய ஆளா வருவடா. ஒன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றது பெட்டி.

நாற்பத்தைந்து வயது மனிதர், கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தம்மாள் மகனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி அடுத்ததாக, மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னது. நாக்கை நீட்டச் சொன்னது. காய்ச்சல் இல்லை, இரண்டு நாள் கஞ்சி குடித்தால் போதும் என்றது. பங்குனி மாதம் ஊருக்கு வருவீர்களா என்று கதிரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார், சும்மா பேச்சுக் கொடுக்கத்தான்.

"வராம? பங்குனியில எனக்குக் கெடா வெட்டுவாகள்ல" என்றது பெட்டி. "ஊரே வந்து கால்ல விழும். அன்னைக்கு ராத்திரி குதிரையில ஏறி எல்லையச் சுத்தி வருவேன்."

அப்பாவுக்குச் சைக்கிள் மட்டும்தானே ஓட்டத் தெரியும், குதிரையில் எப்படி என்று கதிரேசன் மெதுவாகக் கேட்டார்.

அந்தம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. குதிரையில் போவது கோயிலில் இருக்கும் அவுக. கஞ்சி குடிக்கச் சொன்னது வைத்தியர், அவரும் அவுக. பெரிய ஆளாக வருவான் என்று சொன்னது கதிரேசனின் கணக்கு வாத்தியார், அவரும் அவுகதான். இந்தச் சீமையில் மரியாதைக்குரிய எல்லோருமே அவுக. நான் ஒரே ஒரு ஆளின் செல்லப்பெயர் என்று நினைத்து, அந்தம்மாள் எழுபத்து மூன்று வருடத்தில் மதித்த அத்தனை பேரையும் அவர் கணவருக்குள் அடைத்துவிட்டிருந்தேன். ஐயனார் உட்பட.

அங்கிருந்தே எங்கள் பொறியாளருக்குப் போன் செய்தேன். பெயர் ரம்யா, எதற்கும் பதறாதவள். பதிவில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அவுக இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாள். அதில் எது கணவர் என்று எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது, குரலை வைத்துப் பிரிக்கலாம்.

"மனசுல இருக்கிற ஆள் பேரை அவங்க வாயால ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்க்கா" என்றாள் ரம்யா. "அப்போ குரல்ல ஒரு அடையாளம் விழும். அதே அடையாளம் எந்த அவுகல இருக்கோ, அதெல்லாம் அவர்."

"மகன் சொன்னா?"

"மகன் குரல்ல மகனோட அடையாளம்தானே விழும்?"

இன்னொன்றும் சொன்னாள். சொன்னதெல்லாம் உண்மையா என்று கருவி அரசுப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்க்கும். வாகையேந்தலுக்குப் பேருந்து ஓடியதாக எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. ஆகவே அந்தப் பகுதி முழுவதையும் சாட்சியின் ஞாபகப் பிழை என்று நீக்கியிருக்கிறது. வேண்டுமானால் அதையும் உறுதிமொழி கொடுத்து மீட்கலாம். உறுதிமொழியிலும் கணவர் பெயர் வர வேண்டும்.

அந்தம்மாளிடம் இதைச் சொன்னேன். குதிரையைக் கேட்டபோதுகூட முகம் மாறாதவர், பேருந்தை நீக்கிவிட்டார்கள் என்றதும் இடிந்துபோனார். ஊரில் இல்லாத குதிரையை வைத்துக்கொண்டு, இருந்த பஸ்ஸை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். அப்படியானால் பெயரைச் சொல்லிவிடுங்கள் அம்மா என்றேன்.

"பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும் தாயி."

அவர்தான் இறந்துவிட்டாரே என்று நான் சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் அந்தம்மாள். கோபப்படவில்லை. "அம்பத்திரெண்டு வருசம் கட்டிக் காத்தது. எழுவத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாகன்னா அதுல எம் பங்கும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். இப்ப ஒரு பொட்டிக்காக அதை விடச் சொல்றியே."

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்வதில் கதிரேசனுக்கும் விருப்பமில்லை. காரணம் வேறு. குதிரையை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த அப்பா நல்ல அப்பாவாக இருக்கிறார் என்றார். கதிரேசனுக்கு இருபத்திரண்டு வயதில் சென்னையில் முதல் வேலை. கிளம்பும் அன்று நிலையத்துக்கு ஓடி வருகிறார். இருபதடி தூரத்தில் வண்டி நகர்கிறது. விசில் கொடுத்து அனுப்பியது அப்பா. மகன் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே, நேரம் ஆகிவிட்டது என்று அனுப்பிவிட்டார். அடுத்த வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் அப்பாவும் மகனும் ஒரே பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தப் பெஞ்சிலிருந்து கதிரேசன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

என் பழைய தொழில் எனக்குள்ளிருந்து தலையாட்டியது. அவர் கேட்பதில் என்ன தப்பு? சிகரத்தை வைத்துக்கொள், இடத்துக்குச் சிக்கலில்லை. வாடிக்கையாளருக்குத் திருப்தி, என் பிழையும் வெளியே தெரியாது. குதிரையை மட்டும் நீக்கச் சொல்லி ரம்யாவிடம் கேட்டே விட்டேன். அவளும் அரை மணி நேரத்தில் நீக்கிக் கொடுத்துவிட்டாள். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை அந்தம்மாள் பெட்டிக்கு முன்னால் காய் நறுக்க உட்கார்ந்தார். நானும் கதிரேசனும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பெட்டி இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தம்மாள் திடீரென்று, உங்கள் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் வரவில்லை, போவதென்றால் நீங்கள் மட்டும் போங்கள் என்றார். எனக்குத் திக்கென்றது. அந்தத் தங்கச்சியே காலமாகி ஆறு வருடம். அப்புறம்தான் புரிந்தது, சண்டைக்கு இழுக்கிறார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் மூன்று நாள் மௌனங்களில் பாதி இந்தத் தங்கச்சி வீட்டுக் கணக்கில் வந்தவை.

"மன்னிச்சுக்க பூரணம்" என்றது பெட்டி. "தப்பு எம் மேலதான். ஒனக்குப் பிடிக்கலைன்னா நானும் போகல."

அந்தம்மாள் அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

"கேட்டியா கதிரேசா? மன்னிப்புக் கேக்குறாரு. என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுறாரு. ஒங்கப்பா என்னைய என்னைக்காச்சும் 'இந்தா'ங்கிறதத் தவிர கூப்பிட்டுருக்காகளா? இவரு யாரோ பெரிய மனுசன். நல்லவராத்தான் தெரியிறாரு. யாரோ ஒரு நல்ல மனுசனோட தனியா வீட்டுல இருக்கச் சொல்றியா என்னைய?"

பெட்டியில் இருப்பவர் அதற்குள் 'அவுக' போய் 'இவரு' ஆகிவிட்டதை நான் கவனித்தேன். கதிரேசன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, என் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று சொன்னவர் இவர் ஒருத்தர்தான் அம்மா, அதையும் எடுத்துவிடுவார்கள் என்றார்.

அந்தம்மாள் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது கணக்கு வாத்தியார் சொன்னதுதான், அவரும் பொய் சொல்கிறவர் இல்லை, அது அவர் கணக்கிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு எனக்கும் தெரியாத, பதிவிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார். "நீ வண்டிய விட்ட அன்னைக்கு ஒங்கப்பா அடுத்த வண்டியில ஒன்னைய ஏத்திவிட்டுட்டு வீட்டுக்கு வந்தாக. 'அவன் ஓடி வர்றதப் பாத்தேன்'னாக. வேற பேச்சு இல்ல. நாலு நாளு சோறு எறங்கல. யாருகிட்டயும் கோவிச்சுக்கிட்டு இல்ல. அவுக மேலயே அவுக கோவிச்சுக்கிட்டாக. அந்தக் கோவத்துக்கு எந்த ஊரு பஸ்ஸ விடுறதுன்னு அவுகளுக்குத் தெரியல."

கதிரேசன் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, கருவியைப் போடுங்கள் மேடம் என்றார்.

அந்தம்மாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது. கருவியின் சிவப்பு விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

"மழைச்சாமி."

புதுப் பெண் மாதிரி முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்.

"வாகையேந்தலுக்கு பஸ்ஸு இல்ல. இல்லாத பஸ்ஸுதான். ஆனா மழைச்சாமி விட்டாக. எனக்குத்தான் விட்டாக. இது சத்தியம்."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே ரம்யா பிரித்து முடித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நானூற்றுப் பன்னிரண்டுதான் அவர். அந்த நானூற்றுப் பன்னிரண்டிலும் குரல் ஒரு நூல் கீழே இறங்குகிறதாம். மனிதக் காதுக்குக் கேட்காது என்றாள். புதிய மழைச்சாமியைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, விளக்கு எரிவதை நம்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

திதிக்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. பெட்டி வாயைத் திறக்கவில்லை. ஏற்றிய நாளிலிருந்து ஒரு சொல் இல்லை. விளக்கு எரிகிறது, கேட்கிறது, பேச மட்டும் மாட்டேன் என்கிறது. பழுது என்று கதிரேசன் புகார் கொடுத்திருந்தார். மேலாளர் என்னை நேரில் போகச் சொன்னார். சரியாகவில்லை என்றால் பழுதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பழைய வடிவத்தையே, அதாவது குதிரையில்லாத நல்ல மனிதரையே, திரும்ப ஏற்றிவிட்டு வர வேண்டும். ஒப்புதல் நாளைத் தள்ளிப்போட விதியில் இடமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது திதி முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சலித்து மாடிக்குப் போய்விட்டிருந்தார்கள். பேசாத பெட்டியை வரவழைத்து வைத்திருக்கிறானே என்று யாரோ கதிரேசனைக் கேலி செய்திருக்கிறார்கள். அவர் முகம் தொங்கியிருந்தது. படிவத்தை நீட்டுங்கள் மேடம் என்றார்.

அந்தம்மாள் மட்டும் தெளிவாக இருந்தார். தலை சீவிப் பூ வைக்க முடியாத குறைதான், மற்றபடி விசேஷ வீட்டுக் களை. எனக்கு இலை போட்டுக்கொண்டே, அது பழுது இல்லை, கோபம் என்றார். பெயரைச் சொல்லிவிட்டேன் அல்லவா, அதுவும் அந்நிய ஆள் முன்னால். இந்தக் கோபத்துக்கு மூன்று நாள் போதாது, கொஞ்சம் கூடவே ஆகும், எட்டு நாளாவது ஆகும் என்று அன்றைக்கே நினைத்தேன் என்றார்.

கருவி கோபப்படுமா என்று ரம்யாவைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். எட்டு நாள் என்பது இன்றோடு முடிகிறது, நான் மாலைக்குள் பதிவை அழிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 'கருவி இயங்குகிறதா' என்ற கேள்விக்கு எதிரே பேனாவை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கதிரேசன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து.

பெட்டி ஒரு தடவை தொண்டையைச் செருமியது.

"பயணிகள் கவனத்திற்கு" என்றது. ஒலிபெருக்கிக் குரல், கொஞ்சம் மூக்கில் வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து. "வாகையேந்தல் செல்லும் பயணிகள் கவனத்திற்கு. வாகையேந்தல் செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையில் தயாராக உள்ளது."

கதிரேசன் துள்ளி எழுந்துவிட்டார். அம்மா என்றார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அந்தம்மாள் உட்கார வைத்தார். தானும் எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. ஆனால் தாடையை நிமிர்த்தி, பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு. இன்னொரு தடவை சொல்லட்டும்" என்றார். "மொத தடவைக்கே எந்திரிச்சா அவுகளுக்கு எளக்காரமாப் போயிரும்."

அந்த அவுக மட்டும் ஒரு நூல் கீழே இறங்கி ஒலித்தது. எனக்கே கேட்டது.